தனபாலன் எந்தப் பட்டியலில்?

தி. நகர் உஸ்மான் சாலையில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் எப்போதாவது பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கு எமரன்சியாவின் குரல் நினைவிருக்கும். "மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை அணிந்த, பெயர் சொல்லத் தெரியாத ஆண் குழந்தை தரைத்தள அலுவலகத்தில் இருக்கிறது. பெற்றோர் பதறாமல் வந்து அழைத்துச் செல்லவும்." அந்தப் 'பதறாமல்' அவளாகச் சேர்த்தது. கடைக்காரர்கள் எழுதிக்கொடுத்த தாளில் அது கிடையாது. முப்பது வருடமாக அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பதினான்கு குழந்தைகளையும் ஒரு மாமியாரையும் உரியவர்களிடம் சேர்த்திருக்கிறாள். குழந்தைகளைத் தேடி ஓடி வந்தார்கள், மாமியாரை அழைத்துப்போகத்தான் கொஞ்சம் நேரமாயிற்று என்று சொல்லிச் சிரிப்பாள்.

அதே குரல்தான் வாரநாட்களில் காலை ஆறு மணிப் பூசைக்கும். மந்தைவெளிக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன மாதா கோயில் அது. பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை வாசிக்க வேண்டும். கருத்து என்றால், அன்றைய பூசையை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்கிற விவரம். மூன்று பட்டியல் உண்டு. நன்றி சொல்பவர்கள் முதலில், நலம்பெற வேண்டிய நோயாளிகள் அடுத்து, இறந்தவர்கள் கடைசியில். இறந்தவர்கள் பட்டியலில் ஒவ்வொரு பேருக்கு முன்னாலும் 'மரித்த விசுவாசி' என்று சேர்த்துப் படிப்பது அந்தக் கோயிலில் வழக்கம்.

இருபத்திரண்டு வருடமாக எமரன்சியாதான் படிக்கிறாள். அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பதை அப்படியே படித்துவிட்டு இறங்குகிற ஆள் இல்லை. ஐந்தரை மணிக்கே போய், சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆரோக்கியத்தில் ஒற்று விட்டிருந்தால் போடுவாள், அருளப்பனுக்குக் கொம்பு முளைத்திருந்தால் வெட்டுவாள். ஒருமுறை ஒருவர், செத்துப்போன தன் மாமா 'பூரண சுகம் பெற' என்று எழுதிவைத்துவிட்டார். பூசை முடிந்ததும் அவரைத் தேடிப் பிடித்து, "போய்ச் சேந்தவரு சுகமாயி இனிமே இன்னாங்க பண்ணப்போறாரு? நாளைக்கு ஒழுங்கா எழுதிக் குடுங்க" என்று அனுப்பினாள். ஆண்டவர் சந்நிதியில் நின்று தப்பானதைப் படிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவள் கணவர் தனபாலன் கிறிஸ்தவர் இல்லை.

வீரவநல்லூர்க்காரர். அதே கடையில் இரண்டாம் மாடியில் பட்டுப்பிரிவில் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் வரைக்கும் எமரன்சியாவின் குரலைத்தான் கேட்டிருக்கிறார், ஆளைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அவர் செய்த வேலை இப்போதும் கடையில் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. தொலையாத குடையைத் தொலைந்துவிட்டது என்று சொல்லி, ஒரே வாரத்தில் மூன்று முறை மைக்கில் அறிவிக்கச் செய்தார். மூன்றாவது முறை எமரன்சியா, "குடை உங்க கையிலயே கீது" என்றாள். "பாத்தீங்களா, ஒங்க வாயால சொன்ன ஒடனே கெடச்சிட்டு" என்றார் தனபாலன்.

எமரன்சியாவின் அப்பா, ஞானஸ்நானம் வாங்கினால் பெண் தருகிறேன் என்றார். தனபாலன், பொண்ணைத் தாங்க, ஞானஸ்நானம் வேண்டாம் என்றார். இரண்டு வருடம் இப்படியே போனது. கடைசியில் ஆயரிடம் அனுமதி வாங்கி, பிறக்கும் பிள்ளைகளைக் கிறிஸ்தவ வேதத்தில் வளர்ப்பது என்று எழுதிக்கொடுத்து, கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. பிறந்தது ஒரே மகள், மரிய சந்திரிகா. ஆளுக்குப் பாதிப் பேர். தனபாலன் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டேதான் இருந்தார். பிரதோஷத்துக்குக் கபாலி கோயில். பூசை நாட்களில் விடியற்காலை எழுந்து, எமரன்சியாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து மாதா கோயிலில் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். எதிரில் யாசிரின் டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, பூசை முடியும் வரை காத்திருந்து திரும்ப அழைத்துப்போவார். மழை, வெயில், காய்ச்சல் எதற்கும் இது தவறியதில்லை.

கோயில் வாசலில் ஒலிபெருக்கி உண்டு என்பதால் கருத்து வாசிப்பதெல்லாம் டீக்கடைக்கும் கேட்கும். திரும்பிப் போகும்போது விமரிசனம் நடக்கும். "நேத்து செத்தவங்க ஏழு பேருதான். இன்னைக்குப் பதினொண்ணு. யாவாரம் கூடிருக்கு போல." எமரன்சியா அவர் முதுகில் கிள்ளுவாள். "செத்துப்போனவங்கள வெச்சு விளையாடாதய்யா." "வெளயாடலட்டி, கணக்குச் சொல்லுதேன்." இது அவர்களுக்குத் தினசரிப் பேச்சு.

போன வருடம் ஆவணியில் தோசை தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. முதலில் தோசையைக் குற்றம் சொன்னார்கள். பிறகு அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் வந்திருக்கிறது என்றார்கள். பதினோரு மாதம் அங்கேயும் வீட்டிலுமாகக் கழிந்தது. வியாதி தெரிந்த மறுநாளே எமரன்சியா நோயாளிகள் பட்டியலின் கடைசியில் தன் கையால் எழுதினாள்: தனபாலன். அன்றிலிருந்து ஒருநாளும் விடாமல் படித்தாள். தெம்பு இருந்த நாட்களில் அவரும் வந்து டீக்கடையில் உட்கார்ந்தார். "எம்பேர ரோடு முழுக்கப் போட்டுட்ட. அம்புட்டுப் பேரும் என்ன சீக்குன்னு கேக்காங்க" என்றார். ஆனால் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. உள்ளூர அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது என்று எமரன்சியா நினைக்கிறாள்.

வியாதி முற்றியபோது பவுலின் வந்தாள். தெருவில் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்து வாரம் ஒருநாள் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கெட்டவள் இல்லை. கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவாள், ஆஸ்பத்திரியில் மாற்றாளாக இருப்பாள். ஆனால் மனதில் இருப்பதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"எமரன்சி, நேரம் கடத்தாத. ஃபாதரக் கூட்டியாந்து ஞானஸ்நானம் குடுத்துடு. நாளைக்கு மேல போய் அவர எங்கன்னு தேடுவ?"

இந்தக் கேள்வி எமரன்சியாவைத் தைத்தது. அவளே ஒவ்வொரு நாளும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. ஒருநாள் அவருக்கு வலி குறைந்திருந்த நேரமாகப் பார்த்து, ஆஸ்பத்திரி மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேவிட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அதைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தனபாலனுக்கு அப்போது குரல் மெலிந்துவிட்டது. "இந்தா பாரு எமரு. இம்புட்டு வருசம் ஒங்க சாமி வாசல்ல ஒக்காந்து டீ குடிச்சிருக்கேன். அவரும் உள்ள வாலேன்னு கூப்பிடல, நானும் வாரேன்னு சொல்லல. ரெண்டு பேருக்கும் சண்டையும் இல்ல. கெளம்புத நேரத்துல கட்சி மாறினா, காரியத்துக்கு வாரான் பயன்னு அவரே நெனப்பாரு. வேண்டாம்ட்டி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சரி என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கு நினைவு தப்பியது. இன்னும் சில மணி நேரம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சந்திரிகா, ஊரிலிருந்து வரும் சித்தப்பாவை அழைத்துவர எழும்பூர் போயிருந்தாள். எமரன்சியா மட்டும் கட்டிலருகில் இருந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாகக் கிடப்பவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார்தான் வேண்டும் என்பதில்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். எமரன்சியா பத்து வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்தாள். கன்னியாஸ்திரி ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து எல்லாப் பிள்ளைகளையும் செய்துபார்க்கச் சொன்னார். எமரன்சியா செய்ததுதான் சரி என்று வகுப்பில் கைதட்டினார்கள்.

மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, அந்த மூடியிலேயே தண்ணீர் ஊற்றினாள். கையில் எடுத்துக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றாள். வார்த்தைகள் நாக்கில் தயாராக இருந்தன. ஒரு நிமிடம்கூட ஆகாது. யாருக்கும் தெரியவும் வேண்டாம். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன மனிதர். நல்ல நினைவோடு, யோசித்துச் சொன்னவர். பேச முடியாமல் ஆகட்டும் என்று காத்திருந்து செய்வது, தூங்குகிறவன் கைவிரலைப் பிடித்து ரேகை வாங்குவது போல இருந்தது அவளுக்கு. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. கடைசியில் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டாள். மூன்றே முக்காலுக்கு அவர் மூச்சு நின்றது.

ஊரிலிருந்து வந்த கொழுந்தன்மார் அவர்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள். பெசன்ட் நகர் மின்மயானத்தில் எரித்து, சாம்பலைத் தாமிரபரணியில் கரைக்க எடுத்துப்போனார்கள். எமரன்சியா எதையும் தடுக்கவில்லை. அவர் விரும்பியிருக்கக்கூடியது அதுதான். வீட்டில் எல்லாரும் போன பிறகுதான், மெழுகுவத்தி ஏற்றிவைக்க ஒரு கல்லறைகூட இல்லை என்பது உறைத்தது. அன்று அவள் அழுத அழுகையைச் சந்திரிகா இப்போதும் நினைக்க விரும்புவதில்லை.

பத்தொன்பதாம் நாள் எமரன்சியா பூசைக்குப் போனாள். ஸ்கூட்டர் இல்லை, நடந்துதான் போனாள். யாசிர் கடையிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, இருட்டுல தனியா வராதீங்க. ஒரு குரல் குடுத்தா நான் வந்து கூட்டிக்கினு வருவேன்" என்றான். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பட்டியலைத் திருத்தினாள். மைக்கின் முன்னால் போய் நின்றாள். நன்றி சொல்வோர் நால்வர். நோயாளிகள் ஒன்பது பேர். ஒன்பதாவது பேரைப் படித்து முடித்த வாய், தாளில் இல்லாத பத்தாவது பேரையும் படித்தது.

"தனபாலன். இவர்கள் அனைவரும் பூரண நலம் பெற."

கோயிலில் இருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் எதையும் கவனிக்காமல், எப்போதும் போல இரக்கமாயிரும் என்று பதில் சொன்னார்கள். மீதிப் பேர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். பவுலின் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எமரன்சியாவுக்குத் தான் என்ன படித்தோம் என்று புரிய இரண்டு விநாடி ஆயிற்று. அடுத்த பட்டியலை ஒரு பேர் விடாமல் படித்து முடித்துத்தான் இறங்கினாள். இறங்கிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பூசை முடியும் வரை தலை நிமிரவில்லை. செத்தவருக்குச் சுகம் கேட்ட அந்த ஆளை எவ்வளவு இளக்காரமாகப் பேசினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ஜெரோம் கூப்பிட்டுப் பேசினார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சந்திரிகாவைவிடப் பத்து வயது பெரியவர்.

"அம்மா, முப்பதாம் நாள் வருதே. அண்ணனுக்குப் பூசைக் கருத்து எழுதிக் குடுத்துடுங்க. உங்களால படிக்க முடியலன்னா வேற யாரையாவது படிக்கச் சொல்லிடலாம்."

"என் வீட்டுக்காரர் பேர இன்னொருத்தர் படிக்கறதா ஃபாதர்?"

"அப்ப நீங்களே படிங்க."

"அதான் முடியல."

பிறகு பாவசங்கீர்த்தனமாகவே எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சில் கேட்டது, மூடித் தண்ணீர், குடித்துவிட்டது. ஃபாதர், "இது பாவம் இல்லம்மா. அவர் சொன்னத மதிச்சிருக்கீங்க. ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்காகப் பூசை ஒப்புக்குடுக்கக் கூடாதுன்னு திருச்சபையும் சொல்லல" என்றார். எமரன்சியாவுக்கு ஆறுதலுக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. சட்டம் அவளுக்கும் தெரியும். பாவம் என்று சொல்லியிருந்தாலாவது தவம் என்று பத்து ஜெபமாலை கொடுத்திருப்பார், சொல்லி முடித்துக் கணக்கைத் தீர்த்திருப்பாள். பாவமே இல்லாத ஒன்றை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

"சரி ஃபாதர். மரித்த விசுவாசின்னு படிக்கணுமே, அதுக்கு இன்னா பண்றது?"

ஃபாதருக்கு முதலில் புரியவில்லை. அவளே விளக்கினாள். விசுவாசி என்றால் வேதத்தை நம்பி ஞானஸ்நானம் வாங்கியவர். இவர் வாங்கவில்லை. வாங்காதவரை அப்படிப் படித்தால் பீடத்துக்கு முன்னால் பொய் சொன்னதாக ஆகும். அந்த வார்த்தையை விட்டுவிட்டு வெறும் பேரை மட்டும் படிக்கலாம் என்றார் ஃபாதர். பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு இவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டால், பந்தியில் ஒருத்தருக்கு மட்டும் இலை போடாத மாதிரி ஆகிவிடும், அதை என் வாயால் செய்ய முடியாது என்றாள். அப்படியானால் எல்லாருக்குமே அந்த வார்த்தையை எடுத்துவிடலாம் என்றார். அவங்கவங்க வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, வரணும் என்றாள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

யோசிக்க என்ன இருந்தது? எந்தப் பட்டியலிலும் தனபாலனுக்கு இடம் இல்லை. நோயாளிகள் பட்டியலிலிருந்து அவர் போய்விட்டார். இறந்தவர்கள் பட்டியலில் வாசல்படியிலேயே ஒரு வார்த்தை நின்று மறித்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் அந்த மூடித் தண்ணீர். நான் அவரை மதித்தேனா, கைவிட்டேனா? பாத்திரம் கழுவும்போதும் இதே கேள்வி, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதே கேள்வி. பயமாகத்தான் இருந்தது. நரகம், மோட்சம் எல்லாம் அவளுக்குக் கதை அல்ல, மந்தைவெளி, அடையாறு மாதிரி இருக்கிற இடங்கள். அதில் அவர் எங்கே இறங்கினார் என்று தெரியாமல் இருப்பது தாங்க முடியவில்லை.

வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டாள். "பதினோரு மாசம் ஒருநாள் விடாம கேட்டேன். நீர் குடுக்கல. அதக்கூட விட்டுட்டேன். வாசல்ல உக்காந்துக்கினு இருந்த மனுசன ஒருதரம் உள்ள வான்னு நீரே கூப்பிட்டிருக்கலாம் இல்ல? எங்கிட்ட எதுக்குத் தள்ளி விட்டீர்?" மறுநாளும் கேட்டாள். கோபமாக இருந்தாள் என்பதற்காக ஜெபத்தை நிறுத்தவில்லை. தனபாலனோடும் அவள் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியது கிடையாது, கோபம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவாள். இதைப் பேச அவளுக்கு வேறு ஆளும் இல்லை.

இருபத்தேழாம் நாள் கடைக்கு வேலைக்குப் போனாள். ஊழியர்கள் நுழையும் பின்வாசலில், அறிவிப்புப் பலகையில் தனபாலனின் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. பட்டுப்பிரிவு மேற்பார்வையாளர் முருகன் எழுதியது. முருகனும் வீரவநல்லூர்ப் பக்கம், தனபாலன் கையைப் பிடித்து வேலை கற்றவர். தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: 'நம் கடையின் விஸ்வாசி திரு. தனபாலன் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.'

எமரன்சியா அதைப் படித்தாள். அழுகை வருவதற்கு முன்னால் எழுத்துப் பிழைதான் கண்ணில் பட்டது. விஸ்வாசியா? அது விசுவாசி அல்லவா? இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. ஸ் மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் 'சு' என்று எழுதினாள். தெளிவாக இருக்கட்டும் என்று, ஓரத்தில் முழு வார்த்தையையும் இன்னொருமுறை எழுதினாள். விசுவாசி. எழுதி முடித்த பிறகுதான் தன் கையெழுத்தில், அவர் பேரை ஒட்டி, என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள்.

முருகன் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். "தப்பா எழுதிட்டனாக்கா?"

"எழுத்துதான் தப்பு. இந்த வார்த்த ஏன் போட்டீங்க?"

"வேற என்னத்தப் போட? இருபத்தொம்பது வருசம். பக்கத்துக் கடைக்காரன் எத்தன தடவ கூப்பிட்டான். அண்ணன் போவலயே. ஒரு எடத்துல நின்னா நின்னதுதான் அவரு. வேற எப்படிச் சொல்லுவாங்க?"

எமரன்சியா மைக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். இருபத்தாறு வருடம், விடியற்காலையில், தான் கும்பிடாத ஒரு சாமியின் வாசலில். யார் சொல்லி நின்றார்? எதைக் கேட்டு நின்றார்? உள்ளே இருந்த எங்களில் பாதிப் பேர் ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தானே ஆறு மணிக்கு ஓடி வந்தோம்? அந்த மனிதர் ஒன்றுமே கேட்கவில்லை. அவரைச் சொல்லாத அந்த வார்த்தையை வேறு யாரைச் சொல்ல வைத்திருக்கிறோம்?

கூடவே புத்தி எச்சரித்தது. இது வேறு விசுவாசம், அது வேறு விசுவாசம், எழுத்து ஒன்றுதான், பொருள் இரண்டு, நீ உனக்குச் சாதகமாக வளைக்கிறாய் என்றது. அது உண்மைதான் என்று அவளுக்கும் தெரிந்தது. வேறு யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பாள். சாயங்காலம் வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் காணாமல்போன இரண்டு குழந்தைகளை அறிவித்தாள். இரண்டும் கிடைத்தன.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்றாள். அன்று சண்டை போடவில்லை. "ஆண்டவரே, உமக்குத் தமிழ் தெரியாம இல்ல. ரெண்டு அர்த்தமும் தெரியும். நான் எந்த அர்த்தத்துல படிக்கிறேன்னும் தெரியும். நான் ஊத்தாம விட்டத இனிமே என்னால ஊத்த முடியாது. உம்மால ஆகாதது இல்ல. பாத்துக்கும்." சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அவள் ஒருத்தி கையில் மட்டும் இருந்த விஷயம் இப்போது அப்படி இல்லை என்று தோன்றியது. அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று சந்திரிகா தன் கணவனிடம் போனில் சொன்னாள்.

முப்பதாம் நாள் கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்தது. சந்திரிகா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எமரன்சியா கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்வோர் இரண்டு பேர். நோயாளிகள் எட்டுப் பேர். எட்டாவது பேரோடு நிறுத்தினாள். நிறுத்துவதற்குப் பட்ட பாடு முன்வரிசைக்குத் தெரிந்தது. பிறகு தாளைத் திருப்பினாள். மரித்த விசுவாசி அமலோற்பவம். மரித்த விசுவாசி ஞானப்பிரகாசம். ஆறு பேர் ஆயிற்று. ஏழாவது அவர்.

"மரித்த விசுவாசி தனபாலன். வேண்டுவோர், மனைவி எமரன்சியா, மகள் சந்திரிகா."

'மனைவி' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மைக்கில் அழக் கூடாது என்று கடையில் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள், ஒலிபெருக்கியில் தன் விசும்பல் தெருவரைக்கும் போவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. மக்கள் காத்திருக்கவில்லை. இறந்தவர்களுக்காக அவள் தொடங்கிவைக்க வேண்டிய இளைப்பாற்றி ஜெபத்தை அவர்களாகவே தொடங்கினார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து, ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். எமரன்சியா மூக்கைத் துடைத்துக்கொண்டு வருகைப் பாடலின் எண்ணைச் சொன்னாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது பவுலின் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதிருந்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கிட்டகூட சொல்லலயே எமரன்சி. கடைசில ஞானஸ்நானம் வாங்கிட்டாரா?"

"இல்ல அக்கா. வாங்கல."

"அப்புறம் விசுவாசின்னு படிச்சியே?"

"படிச்சேன்."

"நீயாடி இப்படி? ஊரான் வீட்டுப் பேர்ல புள்ளி விட்டுப்போனாக்கூட விடமாட்டியே. தப்பில்லையா?"

எமரன்சியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா இருந்தா ஆண்டவரே திருத்திக்கட்டும்க்கா" என்றாள். "நான் பேரக் குடுத்துட்டேன்."

மணி ஏழைத் தாண்டியிருந்தது. கடை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.